லெவல் புத்தகம்

எங்கள் ஊரில் மேல் என்றால் மேற்கு,
கீழ் என்றால் கடல் இருக்கும் பக்கம்.
கண்ணுக்கு எல்லாம் ஒரே தட்டு.
தண்ணீருக்கு மட்டும் தெரியும்
மைலுக்கு ஒரு முழம்கூடத் தேறாத அந்தச் சரிவு.

அதைப் படிப்பதுதான் என் உத்தியோகம்.
கோரையாற்றுக் கடைமடை,
முக்காலி, கருவி, ஒரு குடை,
ஸ்டாஃப் பிடிக்க மாசிலாமணி அண்ணன்.
பழைய மதகின் கருங்கல்லில் கொத்திய அம்புக்குறி
என் பெஞ்ச்மார்க்:
கடல் மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர் தொண்ணூறு.

அங்கிருந்து போனவள்தான்
ஆறாயிரத்து இருநூற்று எழுபத்து நான்குக்கு.

லுங்மர் என்று பெயர்.
ரயில் முடிந்து, பஸ் முடிந்து,
கழுதைப் பாதையும் முடிந்த பிறகு மூன்று நாள்.
வடக்கு முகம் சிலேட்டுப் பலகை.
தெற்கே உடைகல் சரிவு;
கால் வைத்தால் வைத்த இடம் போய்விடும்.
மேற்குத் தோளில் பனியாறு,
சித்திரையில் வெடித்த எங்கள் களிமண் வயல் மாதிரி,
ஆனால் வெடிப்புக்குள் நீலம்.
கிழக்கே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாதது மூவாயிரம் அடி.

தலைவர் தேஷ்பாண்டே பிளாஸ்டிக் உறையில்
மலையின் வரலாற்றை வைத்திருந்தார்.
கூடாரத்தில் ஸ்டவ் இரைச்சலோடு வாசிப்பார்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்
ஒரு சர்வேயர் பாதி மலையில்
'மேகம்' என்று ஒரே சொல் எழுதித் திரும்பினார்.
முப்பத்தெட்டில் இரண்டு சுவிஸ்காரர்கள் போனார்கள்;
ஒரு கரண்டி மட்டும் கிடைத்தது.
எழுபத்து நாலில் ஒருவர் தொட்டுவிட்டதாகச் சொன்னார்,
படத்தில் இருந்தது வேறு மலை.
தொண்ணூற்று மூன்றில் கல்கத்தாக் குழு.
மிச்சம் அறுபது மீட்டர்.

அறுபது மீட்டரா என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.
எங்கள் பக்கம் அறுபது மீட்டர் ஏற
கல்லணை வரை நடக்க வேண்டும்.

உச்சிக்கு ஒரு கயிறு நீளம் கீழே
பாறை இடுக்கில் ஆட்டுக்கொம்பு ஒன்று.
சுற்றிலும் மயிர்க்கயிறு. பக்கத்தில்
கல்மேல் கல்லாக ஐந்து கல்.
சுமை தூக்கி வந்த ஆங்துய் சிரித்தான்:
"யாராவது ஆடு தேடி வந்திருப்பாங்க."
தலைவர் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது ஏறினது இல்லை," என்றார். "போனது."

உச்சியில் பதினொரு நிமிஷம்.
முன்பார்வைக்கு வானம்.
பின்பார்வைக்கு ஸ்டாஃப் பிடிக்க ஆளில்லை.
அறிக்கையில் முதல் ஏற்றம், தேதி, ஐந்து பெயர்கள்.
ஏறியது ஆறு பேர்.
கலினா என்ற என் பெயர் கல்பனா ஆகியிருந்தது.
ஆங்துய் எந்தப் பிழையோடும் இல்லை.

ஐப்பசி பிறக்கும் முன் வடிகாலுக்கு லெவல் எடுத்தோம்.
மேலத்தெரு முனையில் ஒன்று.
பிறகு கீழத்தெருவில், எங்கள் வீட்டு வாசலில்.
குமிழி நடுவில் நின்றது.
கழித்தேன். மறுபடி மதகிலிருந்து தொடங்கிக் கழித்தேன்.
எங்கள் தெரு ஒன்பது சென்டிமீட்டர் உயரம்.

"தப்பா இருக்கும்மா," என்றார் மாசிலாமணி அண்ணன்.
அவர் மேலத்தெரு. குரலில் கோபமில்லை,
கருவிமேல் ஒரு பரிதாபம்.

தப்பில்லை.
ஆறு உடைத்த வருஷமெல்லாம்
தண்ணீர் வந்து நின்றது எங்களிடம்தான்.
நின்ற தண்ணீர் சும்மா வடியுமா,
குடகில் கரைத்த மலையை
அடுப்படியில், ஆட்டுக்கொட்டிலில், இடுகாட்டுப் பாதையில்
விரற்கனம் விரற்கனமாக
இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறது.
ஒருவரும் ஏறவில்லை.
தேதி கிடையாது.

குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுத?
பென்சில் முனையைக் கடித்தபடி நிற்கிறேன்.
கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது.
இந்த மழைக்குத் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகும்
என்று கேட்பார்கள், கேட்கத்தான் போகிறார்கள்.

சேற்றில் கால் புதைய அண்ணன் கத்துகிறார்:
"எடுத்தாச்சா? கீழே வைக்கட்டுமா?"

இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க அண்ணே.
நேரா பிடிங்க.